மிச்சமிருக்கும் இருபத்து மூன்று மணி நேரம்

"ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் போன் குடுக்கலாம்?"

ஜோகூரில் சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில் டீ குடிக்க உட்கார்ந்தால், முறுக்குத் தட்டு வந்து சேர்வதற்குள் இந்தக் கேள்வி வந்துவிடும். கேட்பவருக்குப் பதிலும் தெரிந்திருக்கும்: ஒரு மணி நேரம். யாரோ வாட்சப்பில் அனுப்பியிருப்பார்கள். என்னிடம் எதிர்பார்ப்பது ஒரு சலுகையைத்தான். ஒன்றரை மணி நேரமாக்கிக்கொள்ளலாமா? ஞாயிற்றுக்கிழமை கணக்கில் வராதுதானே?

சலுகை வழங்கும் அதிகாரம் எனக்கில்லை. அந்த ஒரு மணி நேரம் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2019 ஏப்ரலில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்காக ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. அதன் தலைப்பில் திரை என்ற பேச்சே கிடையாது. உடலசைவு, உட்கார்ந்தே இருத்தல், உறக்கம் என்று மூன்றைப் பற்றியது அது. பிள்ளையின் 24 மணி நேரத்தை எடுத்து வைத்துக்கொண்டு பங்கு பிரிக்கிறது. ஒன்று, இரண்டு வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் தூக்கம். மூன்று, நான்கு வயதுக்கு 10 முதல் 13 மணி நேரம். நாள் முழுக்கச் சேர்த்து 3 மணி நேரமாவது ஓட்டம், ஆட்டம், தவழல், ஏறல். இதற்கெல்லாம் இடம் ஒதுக்கிய பிறகுதான் திரை வருகிறது: இரண்டு வயது ஆகும்வரை வேண்டாம், 2 முதல் 4 வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது.

அது உச்சவரம்பு. நம் வீடுகளில் அது பங்கீடாகிவிட்டது. "இன்னிக்கு இன்னும் இருபது நிமிஷம் பாக்கி இருக்கு, வா" என்று தானாக விளையாடிக்கொண்டிருந்த பிள்ளையைக் கூப்பிட்டு உட்கார வைத்த வீட்டையும் பார்த்திருக்கிறேன்.

நான் சொல்ல வருவது இதுதான். அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி நாம் போடும் சண்டையில் பாதியை, மிச்சமிருக்கும் இருபத்து மூன்று மணி நேரத்துக்குச் செலவிட வேண்டும். கைப்பேசி பிள்ளையின் தலைக்குள் எதையோ ஊற்றிவிடுகிறது என்றுதான் எல்லோரும் பயப்படுகிறோம். அது பிள்ளையின் நாளிலிருந்து எதைப் பிடுங்கிக்கொள்கிறது என்று பார்த்தால் விஷயம் பிடிபடும்.

ஜோகூர் பாரு, ஸ்கூடாய், மாசாய், பாசிர் கூடாங் வட்டாரத்தில் பிள்ளையின் நாளில் முதல் கடி கடிப்பது திரைகூட அல்ல, சிங்கப்பூருக்குப் போகும் பாலம். 1924-இல் திறந்த, ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் அந்தப் பாலத்தை நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 லட்சம் பேர் கடக்கிறார்கள். சிங்கப்பூரில் ஏழு மணி ஷிப்ட் என்றால் இங்கே நாலரைக்கு விளக்கு எரியும். தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்ப் பாட்டி வீட்டிலோ தாஸ்கா என்ற குழந்தைக் காப்பகத்திலோ இறக்கிவிட்டு மோட்டார் சைக்கிள் குடிநுழைவுச் சாவடியை நோக்கிப் பறக்கும். திரும்ப இரவு எட்டு, ஒன்பது. அம்மா அப்பா முகத்தைப் பார்க்கப் பிள்ளை விழித்துக்கொண்டிருக்கும். குளியல், சாப்பாடு, களைத்துப்போன இரண்டு பெரியவர்கள், அப்புறம் கொஞ்ச நேரம் கைப்பேசி. பதினொரு மணிக்குக் கண் மூடினால் ஐந்து மணிக்கு மறுபடியும் தோள். இரவில் ஆறு மணி நேரம், மதியம் இரண்டு. ஆக எட்டு. மூன்று வயதுப் பிள்ளைக்குக் கீழ்வரம்பே பத்து.

இந்த வீட்டில் போய் நின்று திரை நேரத்தைக் குறையுங்கள் என்று உபதேசம் பண்ணுவது சுலபம். பாலத்து வரிசையை யார் குறைப்பது? புக்கிட் சாகாரிலிருந்து வுட்லண்ட்ஸ் நோர்த்துக்கு ஆர்டிஎஸ் ரயில் ஓடினால் பயணம் ஐந்து நிமிடம் என்கிறார்கள், ஓடட்டும், பார்ப்போம். 2014 முதல் 2024 வரை பதினொரு ஆண்டுகள் ஜோகூரில் பள்ளிக்கும் அரசு அலுவலகத்துக்கும் வெள்ளி, சனி விடுமுறை. சிங்கப்பூரில் வேலை செய்பவருக்கோ சனி, ஞாயிறு. அப்பா வீட்டில் இருக்கும் ஞாயிறன்று அண்ணனும் அக்காவும் பள்ளிக்கூடத்தில். 2025 ஜனவரியில் அது மாறியது. பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேசுபவர்கள் இந்த மாதிரிச் சங்கதிகளைக் கணக்கில் எடுப்பதே இல்லை. எல்லாப் பழியும் கடைசியில் "அம்மாதான் போனைக் குடுத்துப் பழக்கிட்டா" என்று ஒரே தலையில் வந்து விழும். அப்பா என்ன கொடுத்தார் என்று யாரும் கேட்பதில்லை.

ஆனாலும் அந்த வீட்டில் கைவைக்கக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது: ஒன்பதிலிருந்து பதினொன்று. படுக்கப்போகும் பிள்ளையின் கண்ணில் பளிச்சென்ற வெளிச்சம் பட்டால், உறக்கத்துக்கு ஆயத்தமாக உடல் சுரக்கும் மெலடோனின் மட்டுப்படும். சின்னப் பிள்ளைகளின் கண்மணி பெரிது, கண் வில்லை தெளிவானது. பெரியவர்களைவிட அதிக வெளிச்சம் உள்ளே போகும். 2018-இல் அமெரிக்காவின் கொலராடோவில் 3 முதல் 5 வயதுள்ள 10 பிள்ளைகளைப் படுக்கைக்கு முந்தைய ஒரு மணி நேரம் வெளிச்ச மேசையில் விளையாடவிட்டுச் சோதித்தார்கள். மெலடோனின் ஏறத்தாழ 88 விழுக்காடு குறைந்தது. அது மேசை விளக்கு, கைப்பேசி வெளிச்சம் அந்த அளவு இருக்காது. பத்துப் பிள்ளைகளை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுதவும் முடியாது. என்னைக் கேட்டால், வெளிச்சத்தைவிட அடுத்த வீடியோதான் தூக்கத்தை அதிகம் விரட்டுகிறது. 'இன்னும் ஒண்ணு' என்று நாற்பது நிமிடம் போய்விடும். கைப்பேசி படுக்கையறைக்கு வெளியே சார்ஜில் கிடந்தால் அந்த நாற்பது நிமிடமும் தூக்கத்துக்கு மிஞ்சும். அம்மா அப்பாவின் கைப்பேசியும் அங்கேதான் கிடக்க வேண்டும். அதுதான் கஷ்டமே.

அடுத்தது பேச்சு. இங்கே கொஞ்சம் நிதானமாக உட்காருவோம்; தே தாரிக் ஆறினாலும் பரவாயில்லை.

நம் பெற்றோர்கள் பலர் யூடியூப்பை ஒரு டியூஷன் ஆசிரியராக நினைக்கிறார்கள். பிள்ளை ஆங்கிலம் பிடித்துக்கொள்கிறது, நிறம் சொல்கிறது, எண் சொல்கிறது. சீனப் பள்ளியில் போடப் போகிறவர்கள் மாண்டரின் பாட்டு போட்டுவிடுகிறார்கள். இதை நேராகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பட்ரீசியா கூல் என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் சியாட்டலில் ஒன்பது மாதக் குழந்தைகளை எடுத்துக்கொண்டார். அதுவரை ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த குழந்தைகள். ஒரு குழுவோடு மாண்டரின் பேசுபவர்கள் தரையில் உட்கார்ந்து விளையாடி, படப்புத்தகம் காட்டிப் பேசினார்கள். நாலைந்து வாரத்தில் 12 முறை. இன்னொரு குழு அதே ஆட்கள் அதே மாதிரி பேசுவதைத் தொலைக்காட்சியில் பார்த்தது. வேறொரு குழு ஒலிப்பதிவை மட்டும் கேட்டது. பிறகு மாண்டரினுக்கே உரிய ஒலி வேறுபாட்டைப் பிரித்தறிகிறார்களா என்று பார்த்தார்கள். ஆளோடு விளையாடிய குழந்தைகள் தைவான் குழந்தைகளுக்கு ஈடாகப் பிரித்துக் காட்டினார்கள். திரையில் பார்த்தவர்களுக்கும் ஒலியைக் கேட்டவர்களுக்கும் ஒன்றுமே ஏறவில்லை. 2003-இல் வெளியான ஆய்வு இது.

அந்தத் தொலைக்காட்சியில் இல்லாமல் போனது என்ன? திருப்பிக் கொடுக்கும் ஆள். குழந்தை 'ஊ' என்றால் 'என்னாடா ஊ?' என்று கேட்கும் ஆள், குழந்தை பார்க்கும் பக்கம் தானும் பார்த்து, "ஆமா, காக்கா!" என்று சொல்லும் ஆள். இதற்கு இன்னொரு சான்றும் உண்டு. 2014-இல் இரண்டு, இரண்டரை வயதுப் பிள்ளைகளுக்குப் புதிய வினைச்சொற்களைச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்கள். எதிரே இருந்து சொன்னாலும் கற்றுக்கொண்டார்கள். நேரடி வீடியோ அழைப்பில் சொன்னாலும் கற்றுக்கொண்டார்கள். அதே அழைப்பைப் பதிவுசெய்து வேறு பிள்ளைக்குப் போட்டுக் காட்டியபோது ஏறவில்லை. திரை ஒன்றுதான். ஒன்றில் ஆள் பதில் சொல்கிறார், மற்றதில் சொல்லவில்லை.

ஜோகூர்க்காரர்களுக்கு இது பட்டறிவு. கோவிட் பெருந்தொற்றால் 2020 மார்ச் 18 அன்று எல்லை மூடியது. பாலத்தின் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட அப்பாக்கள் பலர் மாதக்கணக்கில் பிள்ளையைத் தொடவில்லை. தடுப்பூசி போட்டவர்களுக்கு மட்டும் பேருந்து விட்டது 2021 நவம்பர் 29-இல்தான். வழக்கம்போல் போய்வர முடிந்தது 2022 ஏப்ரல் 1 முதல். அந்த இரண்டு ஆண்டும் சில பிள்ளைகளுக்கு அப்பா என்பவர் இரவு எட்டு மணிக்குக் கைப்பேசியில் வரும் முகம். அதையும் திரை நேரம் என்று கணக்கில் சேர்த்துக் குற்ற உணர்ச்சி பட்ட தாய்மார்கள் உண்டு. தேவையில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2016-இல் ஒன்றரை வயதுக்குட்பட்டவர்களுக்குத் திரை வேண்டாம் என்றபோதே வீடியோ அழைப்புக்கு விலக்குக் கொடுத்தது. இன்றைக்கும் மதிய இடைவேளையில் ஐந்து நிமிடம் கூப்பிட்டு, 'என்னா சாப்ட? யாரு ஊட்டுனா?' என்று கேட்கும் அப்பா நல்ல காரியம்தான் செய்கிறார்.

இதற்கு நேர் எதிரானது யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருக்கும் டிவி. நம் வீடுகளில் காலையில் போட்டால் படுக்கப் போகும்போதுதான் அணைப்பது. பாட்டி சமையலறையில், பிள்ளை தரையில், நாடகத்தில் யாரோ யாரையோ திட்டிக்கொண்டிருப்பார்கள். பிள்ளை அதைப் பார்க்கவில்லையே, அப்புறம் என்ன கெடுதல்? குழந்தைகளின் உடையில் சின்ன ஒலிப்பதிவுக் கருவியைப் பொருத்தி அமெரிக்காவில் 2009-இல் ஒரு கணக்கு எடுத்தார்கள். டிவி சத்தம் காதில் விழும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் குழந்தை பெரியவர்களிடமிருந்து கேட்கும் சொற்கள் 770 குறைந்தன. டிவி பிள்ளையை மயக்கவில்லை. பாட்டியின் வாயை அடைத்துவிட்டது. வானொலியும் சத்தம்தானே என்று கேட்பீர்கள். மின்னல் எஃப்எம் ஓடும்போது பாட்டி அதைவிடச் சத்தமாகப் பாட்டியாகவே இருக்கிறார் என்பது என் சொந்த அபிப்பிராயம். இதற்கு ஆய்வு ஆதாரம் கேட்காதீர்கள்.

இனி வாட்சப்பில் சுற்றும் பயமுறுத்தல்களுக்கு வருவோம். 'திரை மூளையைச் சுருக்கிவிடும்' என்று வரும் செய்திக்குப் பின்னால் பெரும்பாலும் ஏதாவது ஓர் உண்மையான ஆய்வு உருக்குலைந்து கிடக்கும். நமக்குப் பக்கத்திலேயே ஒன்று நடக்கிறது: சிங்கப்பூரில் 2009-இல் தொடங்கிய 'கஸ்டோ' ஆய்வு, பிள்ளைகளைக் கருவிலிருந்தே பின்தொடர்கிறது. அதில் 437 பிள்ளைகளை வைத்து 2023 ஜனவரியில் ஒரு கட்டுரை வந்தது. ஒரு வயதில் அதிகம் திரை பார்த்தவர்களுக்கு ஒன்றரை வயதில் எடுத்த மூளை அலைப் பதிவில் வேறுபாடு தெரிந்தது. ஒன்பது வயதில் கவனத்தை நிறுத்துவதிலும் தன்னைக் கட்டுப்படுத்துவதிலும் அவர்கள் சற்றுப் பின்தங்கினார்கள். இதைச் சாதாரணமாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் திரைதான் காரணமா, திரையை நாட வைத்த வீட்டுச் சூழ்நிலை காரணமா என்று இந்த வகை ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆய்வாளர்களும் அப்படிப் பிரித்துச் சொல்லவில்லை. ஒரு வயதில் கொடுத்துவிட்டோமே, பிள்ளை போச்சே என்று மூன்று வயதில் உட்கார்ந்து அழுவதற்கு அந்தக் கட்டுரையில் ஒன்றுமில்லை.

இன்னொரு பயமுறுத்தல் இதைவிட மோசமானது. 'விர்ச்சுவல் ஆட்டிசம்' என்று ஒரு பெயர் உலவுகிறது: போனால் வந்த ஆட்டிசம், போனை நிறுத்தினால் போய்விடும் என்று. மருத்துவர்கள் நோயறியப் பயன்படுத்தும் வகைப்பாட்டில் அப்படி ஒரு பெயரே இல்லை. நான் கவலைப்படுவது அதனால் நேரும் தாமதத்தை நினைத்து.

ஒரு பிள்ளையைச் சொல்கிறேன். இந்த மாதிரிப் பிள்ளையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இரண்டேகால் வயது. 'எலிஃபன்ட்' என்று அமெரிக்கக்காரன் மாதிரி உச்சரிக்கும். ஒன்றிலிருந்து இருபது வரை ஆங்கிலத்தில் சொல்லும். தண்ணீர் வேண்டுமென்றால் கேட்காது. அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் ஐஸ் பெட்டிக் கதவில் வைக்கும், முகத்தை நிமிர்ந்து பார்க்காது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாது. வீட்டில் என்ன சொல்வார்கள்? "அப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு." "மூணு மொழி கேக்குதுல, கொழம்பிப் போயிருக்கும்." "போனை நிறுத்துங்க, சரியாயிடும்."

பல மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. தமிழில் பத்துச் சொல், மலாயில் நாலு, ஆங்கிலத்தில் ஆறு தெரிந்தால் அந்தப் பிள்ளைக்கு இருபது சொல் தெரியும். கூட்டித்தான் பார்க்க வேண்டும். போனை நிறுத்துங்கள், நிச்சயமாக. ஆனால் நிறுத்திவிட்டு ஆறு மாதம் காத்திருக்காதீர்கள். ஒரு வயதில் பெயர் சொன்னால் திரும்பவில்லை, ஒன்றரை வயதில் பொருளோடு ஒரு சொல்கூட இல்லை, இரண்டு வயதில் 'பால் வேணும்' என்று இரண்டு சொல்லைச் சேர்க்கவில்லை, அல்லது பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை இழக்கிறது என்றால் அதே வாரம் கிளினிக்குக்குப் போங்கள். பிறந்தபோது கொடுத்த குழந்தைச் சுகாதாரப் பதிவுப் புத்தகம் அலமாரியில் இருக்குமே, அதை எடுத்துக்கொண்டு. அரசாங்க கிளினிக்குகளில் ஒன்றரை வயதிலும் மூன்று வயதிலும் எம்-சாட் என்ற கேள்வித்தாளைப் பெற்றோரிடம் கொடுப்பார்கள். 'விரலை நீட்டிக் காட்டுகிறதா? நீங்கள் சிரித்தால் சிரிக்கிறதா?' என்ற மாதிரிக் கேள்விகள். தடுப்பூசிக்கு வந்த அவசரத்தில் எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' போட்டுவிட்டு வருவது நம் வழக்கம். உட்கார்ந்து உண்மையை எழுதுங்கள். காதைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். சரியாகக் காது கேட்காத பிள்ளைக்குத் திரையைக் குறை சொல்லிக் காலத்தைக் கடத்துவது பெரிய அநியாயம்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. "போன் வெக்காட்டி வாயே தொறக்க மாட்டேங்குறான் அண்ணே" என்பது ஸ்கூடாயிலும் கேட்கும், குளுவாங்கிலும் கேட்கும். திரையைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறக்கும் பிள்ளைக்குப் பசியும் தெரியாது, வயிறு நிறைந்ததும் தெரியாது. சோறு கன்னத்தில் ஒதுங்கிக் கிடக்கும். அந்தக் காலத்தில் நிலாவைக் காட்டி ஊட்டினோமே என்று பெருமூச்சு விடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: அதுவும் பராக்குக் காட்டி ஊட்டியதுதான். ஆனால் நிலா தானாக அடுத்த நிலாவைப் போடாது. அதைக் காட்டியவர் பேசிக்கொண்டே இருந்தார். போனை எடுத்த முதல் நாலைந்து நாள் பிள்ளை குறைவாகத்தான் சாப்பிடும். எடை சரியாக உள்ள, நோயில்லாத பிள்ளை அதனால் மெலிந்துவிடாது. பாட்டிதான் மெலிவார், கவலையில்.

கண்ணுக்கு வருகிறேன். திரை கண்ணைக் கெடுக்கும் என்பதை எல்லோரும் நம்புகிறோம், ஆனால் எப்படிக் கெடுக்கிறது என்பதில் ஒரு திருப்பம் இருக்கிறது. 2008-இல் வெளியான ஓர் ஆய்வில் சிங்கப்பூரிலும் சிட்னியிலும் வாழும் சீன வம்சாவளிப் பிள்ளைகளை ஒப்பிட்டார்கள். எல்லோரும் ஆறு, ஏழு வயது. சிங்கப்பூர்ப் பிள்ளைகளில் 29.1 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை, சிட்னியில் 3.3 விழுக்காடு. இரு பக்கமும் பெற்றோரின் கண்ணாடிக் கணக்கு ஏறத்தாழ ஒன்று. சிட்னிப் பிள்ளைகள் குறைவாகப் படித்தார்களா என்றால் அதுவுமில்லை. புத்தகம் அதிகமாகவே படித்தார்கள். வேறுபாடு ஒன்றில்தான் பளிச்சென்று தெரிந்தது: சிட்னிப் பிள்ளைகள் வாரத்துக்கு 13.75 மணி நேரம் வீட்டுக்கு வெளியே இருந்தார்கள், சிங்கப்பூர்ப் பிள்ளைகள் 3.05 மணி நேரம்.

வெளிச்சம் விழித்திரையில் படும்போது டோபமின் சுரக்கிறது. அது கண்கோளம் அளவுக்கு மீறி நீளாமல் பிடித்துவைக்கிறது என்பது ஆய்வாளர்கள் பலர் ஏற்கும் விளக்கம். கண்கோளம் நீண்டுவிட்டால் அதுதான் கிட்டப்பார்வை. வீட்டு விளக்கு வெளிச்சம் சில நூறு லக்ஸ். வெளியே மர நிழலில்கூட ஆயிரக்கணக்கில் இருக்கும். சீனாவின் குவாங்சோவில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி நாளில் 40 நிமிடம் வெளி விளையாட்டைக் கூட்டிப் பார்த்தார்கள். மூன்று ஆண்டில் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 விழுக்காடு, கூட்டாத பள்ளிகளில் 39.5. ஆக, திரை கண்ணுக்குச் செய்யும் தீங்கில் பெரும்பகுதி பிள்ளையை உள்ளே உட்கார வைப்பதால் வருவது.

நம் தாத்தா பாட்டிகள் ரப்பர் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்கள். வாசலைத் தாண்டினால் வெளி. யார் வீட்டுப் பிள்ளை என்று எல்லோருக்கும் தெரியும். தோட்டங்கள் துண்டானதும், செம்பனைக்கு மாறியதும், வீட்டு நிலமாக விற்றுப்போனதும் குடும்பங்களைத் தாமான் குடியிருப்புகளுக்கும் அடுக்குமாடிக்கும் கொண்டுவந்து சேர்த்தன. பதினோராவது மாடியில் இருக்கும் பிள்ளையை 'போய் விளையாடு' என்று அனுப்ப முடியாது. கீழே கார் வேகம், தெரு நாய், முன்பின் தெரியாதவர்கள். வெளியே என்பது யாராவது கூட்டிப்போக வேண்டிய இடமாகிவிட்டது. அந்த யாராவதுக்கு முட்டி வலி.

ஒரு வசதி நமக்கு உண்டு. பூமத்திய ரேகைக்கு ஒன்றரைப் பாகை வடக்கே இருக்கிறோம். ஆண்டு முழுக்கச் சூரியன் மறைவது ஏழு மணியை ஒட்டித்தான். ஐந்தரைக்கு வெயில் தணிந்தும் வெளிச்சம் தணியாமல் இருக்கும். கொசுவுக்கு நீளக் கால்சட்டை, மருந்து. டிங்கி பயம் நியாயமானது. பாட்டி நடக்க வேண்டியதில்லை, கீழே பெஞ்சில் உட்கார்ந்தால் போதும். தாஸ்காவிலிருந்து மாலையில் கூட்டிவரும் பெரியப்பாவோ சித்தியோ வழியில் அரை மணி நேரம் விளையாட்டுத் திடலில் நின்றால் அதுவும் கணக்குதான். வார இறுதியில் ஜோகூர் பாரு ஹுத்தான் பண்டார் பூங்காவுக்குப் போகிறவர்கள், அங்கே போயும் பிள்ளையைத் தள்ளுவண்டியில் கைப்பேசியோடு உட்கார வைத்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போதுதான் எனக்கு எரிச்சல் வரும்.

சரி, குறைப்பது என்று முடிவெடுத்தாயிற்று. அழுகையை என்ன செய்வது? முதலில் ஓர் ஆய்வு, கொஞ்சம் கசக்கும். அமெரிக்காவில் ஜென்னி ரடெஸ்கி என்ற குழந்தை மருத்துவரின் குழுவினர் 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளையும் பெற்றோரையும் பின்தொடர்ந்து 2022 டிசம்பரில் எழுதினார்கள். அழும் பிள்ளையை அடக்க அடிக்கடி கைப்பேசியைக் கொடுத்த வீடுகளில், சில மாதங்களில் பிள்ளையின் கோபமும் பொசுக்கென்ற மனமாற்றமும் கூடியிருந்தன. ஆண் பிள்ளைகளிடம் கூடுதலாக. அழுது தணிவதும் ஒரு பழக்கம். அதைப் பழக விடாமல் நாமே தணித்துவிடுகிறோம். பாலத்து வரிசையில் காரில் பிள்ளை வீறிட்டால் கொடுத்துத் தொலையுங்கள், அதில் ஒன்றும் குடி முழுகாது. ஒவ்வோர் அழுகைக்கும் அதுவே மருந்தானால்தான் வினை.

அணைக்கும் நேரத்துச் சண்டைக்கும் ஒரு சேதி உண்டு. 'இன்னும் ரெண்டு நிமிஷம்தான்' என்று முன்கூட்டியே சொன்னால் பிள்ளை தயாராகிவிடும் என்று நினைக்கிறோம். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தினர் 2016-இல் சிறு பிள்ளைகள் உள்ள வீடுகளில் நாட்குறிப்பு எழுத வைத்துப் பார்த்தபோது, அந்த ரெண்டு நிமிட எச்சரிக்கை சொன்ன வேளைகளில் சண்டை கூடத்தான் செய்தது. கதை தானாக முடியும் இடத்தில் நிறுத்தியபோதும், குளிக்கப் போவது மாதிரி வழக்கமான அடுத்த வேலைக்கு மாறியபோதும் பிள்ளைகள் லேசாக விட்டுக்கொடுத்தார்கள். அதனால்தான் எது பார்க்கிறார்கள் என்பதும் முக்கியம். உப்பின் இப்பின் கார்ட்டூனில் ஓர் அத்தியாயம் என்றால் ஒரு தொடக்கம், ஒரு முடிவு; கம்பத்து வீடு, பாட்டி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள். பார்த்து முடித்ததும் பேச விஷயம் இருக்கும். முடிவே இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும் குட்டி வீடியோக்களில் நிறுத்த இடமே கிடையாது, அப்படித்தான் அதைச் செய்து வைத்திருக்கிறார்கள். தானாக அடுத்தது ஓடும் வசதியை அணையுங்கள். யூடியூப் கிட்ஸில் நேரம் குறித்து வைக்கலாம். நேரம் ஆனதும் அதுவே மூடிக்கொள்ளும், கெட்ட பெயர் உங்களுக்கில்லை. கைப்பேசியை விட டிவி மேல். தூரத்தில் இருக்கிறது, எல்லோரும் சேர்ந்து பார்க்கலாம், கழிவறைக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

16 வயதுக்குக் கீழுள்ளவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்று மலேசிய அரசு முடிவெடுத்ததும் ஆஸ்திரேலியா 2025 டிசம்பரில் அப்படிச் செய்ததும் பெரிய பிள்ளைகள் சமாச்சாரம். மூன்று வயதுப் பிள்ளைக்கு யாரும் கணக்குத் திறப்பதில்லை. அது தாத்தாவின் கைப்பேசியில் பார்க்கிறது. நமக்கு நெருக்கமாக உதவக்கூடியது 2025 ஜனவரியில் சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சு வெளியிட்டது: ஒன்றரை வயதுவரை திரை வேண்டாம், ஆறு வயதுவரை ஒரு மணி நேரத்துக்குள், சாப்பாட்டிலும் படுக்கைக்கு முந்தைய ஒரு மணி நேரத்திலும் அறவே கூடாது, வீட்டில் வெறுமனே டிவி ஓடக்கூடாது. பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போகிறவர்கள் அதையும் கொண்டுவரலாம்.

இதில் எதுவும் பிள்ளையை யார் பகலெல்லாம் பார்க்கிறாரோ அவர் ஒத்துக்கொள்ளாமல் நடக்காது. மாமியாரிடம் போய் 'போன் குடுக்காதீங்க' என்று சொன்னால் அது பிள்ளையைப் பற்றிய பேச்சாக இருக்காது. 'அத்தே, நீங்க சமைக்கிற அந்த ஒரு மணி நேரத்துக்கு டிவி போடுங்க, மத்த நேரம் அணைச்சு வெச்சிருவோம்' என்று அவருடைய அலுப்பையும் கணக்கில் சேர்த்துச் சொன்னால் நடக்க வாய்ப்புண்டு. தாஸ்காவில் சேர்க்கும்போது மாதக் கட்டணத்தோடு இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள்: டிவி எந்த நேரத்தில் போடுவீர்கள், வெளியே எந்த நேரத்தில் விடுவீர்கள்? ஒரு நாள் மாலை நாலு மணி வாக்கில், சொல்லாமல் போய்ப் பாருங்கள்.